நான் பாடாத என் ஹிட் பாட்டு

நெவார்க் விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊரான பார்சிப்பனிக்கு வந்துகொண்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வேனை ஓட்டியது நான். பக்கத்து சீட்டில் செந்தில். பின் சீட்டில், மூன்று பெட்டிகளுக்கும் ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸுக்கும் நடுவில், அன்றுதான் அமெரிக்காவில் கால் வைத்த அவன் மனைவி உமா.

கல்யாணமாகி இரண்டு வருடம். அதில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது பதினெட்டு நாள்.

பேச்சு ஓடவில்லை. செந்தில் ஹீட்டரைக் கூட்டினான், குறைத்தான், மறுபடி கூட்டினான்.

"குளிருதா?"

"இல்ல."

"ஃப்ளைட்ல சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பாட்டு ஏதாவது ஓடினால் இரண்டு பேரும் கொஞ்சம் இளகுவார்கள் என்று ரேடியோவைப் போட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற எனக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிவதில்லை.

ஒரு மெத்தைக் கடை விளம்பரம் முடிந்தது. கிடார் ஆரம்பித்தது. பின்னால் 'தொம், தொம்' என்று மெதுவாக ஒரு தாளம். ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போலப் பாடியது. செந்திலின் கை ரேடியோ பக்கம் போய் நடு வழியில் நின்றுவிட்டது.

உமா சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள். முழுப் பாட்டையும் அசையாமல் கேட்டாள்.

"நல்லா இருக்கே. யார் பாடறாங்க?"

செந்தில் ரோட்டைப் பார்த்தபடி சொன்னான். "இதுவா? நம்ம கமால் பாயோட பாட்டு. எழுதினது, பாடினது எல்லாம் பாய்தான்."

கமால் பாய் என்பது நான். மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவன். என் தொண்டையிலிருந்து இதுவரை வந்த அதிகபட்ச சங்கீதம் இருமல்.

கண்ணாடியில் உமாவின் கண்கள் என்னைப் பார்த்தன. நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அட, அவன் கெடக்கிறான், அது அவன் பாட்டும்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன். "சும்மா... ஏதோ..." என்று வேறு சொல்லி வைத்தேன்.

"ரொம்ப நல்லா பாடறீங்கண்ணா," என்றாள் உமா.

பல் டாக்டர் சங்கீதம்

அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மேலே போனால் வாசகர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். இந்தத் தொடரில் முன்பு எழுதிய, பனியில் காரைப் புதைத்த கதையில் கார் என்ன கலர் என்று எழுதாததற்கே நான்கு கடிதம்.

அதன் வகைக்கு சாஃப்ட் ராக் என்று பெயர். ராக் என்றால் கத்துவார்கள். சாஃப்ட் ராக் என்றால் அதையே மன்னிப்புக் கேட்கும் குரலில் பாடுவார்கள். ஒரு கிடார், பிரிந்துபோன ஒரு பெண், பெரும்பாலும் மழை. பல் டாக்டர் ஆபீஸிலும் லிஃப்டிலும் கூரையிலிருந்து கசிந்துகொண்டிருக்கும். காத்திருக்கிறவர்கள் சண்டை போடாமல் இருக்க அமெரிக்காக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து இது என்பது என் கருத்து.

நான் வேலை பார்த்த மருந்துக் கடையின் கூரையிலும் அதே ரேடியோதான். பதினோரு வருடம் அதற்குக் கீழே நின்று பிரஷர் மாத்திரை கொடுத்திருக்கிறேன். ஒரு பாட்டின் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. சொந்த ஊர் கூத்தாநல்லூரில் இருந்த காலத்திலேயே பாட்டுக்கும் நமக்கும் தூரம்.

துணி துவைக்கும் அறை

செந்தில் எங்கள் அபார்ட்மெண்டில் கீழ் வீட்டுக்காரன். திருச்சி உறையூர். கம்ப்யூட்டர் வேலைக்கு எச்-ஒன் விசாவில் வந்தவன். ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு பதினெட்டாம் நாள் திரும்பி வந்தான். வந்த மாதம் கம்பெனி அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. வேறு கம்பெனி பிடித்தான். அதுவும் ஆறு மாதத்தில் படுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பேப்பர் முதலிலிருந்து. பேப்பர் சரியாக இருந்தால்தான் உமாவுக்கு விசா. இப்படியே ஒரு வருடம் இரண்டு வருடமானது.

மாலையில் என் மனைவி மைமூன் அவனைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவாள். "அக்கா, போதும்க்கா" என்று சொல்லிக்கொண்டே நாலு இடியாப்பம் சாப்பிடுவான். ஊரில் காலேஜ் நாளில் கிடார் வாசித்தவனாம். இங்கே ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது ஒரு கிடார் வாங்கி வந்தான். சுவர்கள் மெலிசு. பக்கத்து வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் சுவரை இடித்தாள். அதனால் அவன் கிடாரைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்தில் இருக்கும் துணி துவைக்கும் அறைக்குப் போய்விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் எங்கள் கம்பளியை டிரையரில் போடப் போனேன். மூலையில் உட்கார்ந்து ஒரு சின்ன டேப் ரிக்கார்டரில் பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"பாடுப்பா. எனக்கு ஒண்ணும் புரியாது. நான் கம்பளியைப் போட்டுட்டுப் போறேன்."

கம்பளி ஈரத்தில் கனத்துப்போய் டிரையருக்குள் புரண்டு புரண்டு விழுந்தது. தொம், தொம். அவன் அதற்கு ஏற்றபடி பாடினான். பிற்காலத்தில் ரேடியோவில் ஒரு அம்மாள் "இந்தப் பாட்டின் இதயத் துடிப்பு" என்று உருகிச் சொன்னது எங்கள் வீட்டுக் கம்பளியைத்தான்.

பாட்டின் பெயர் 'டூ மினிட்ஸ் லெஃப்ட்'. அப்போதெல்லாம் ஊருக்குப் பேச காலிங் கார்டுதான். கடையில் வாங்கி, பின்னால் இருக்கும் நம்பரைச் சுரண்டி, முப்பது எண்ணை அமுக்க வேண்டும். பேசிக்கொண்டே இருக்கும்போது ஒரு பெண் குரல் நடுவில் புகுந்து, இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று சொல்லும், பிறகு ஒரு நிமிடம்தான் என்று சொல்லும். அந்தக் குரலுக்கு இரக்கமே கிடையாது. அந்த இரண்டு நிமிடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசுவது, அதுதான் பாட்டு.

மைமூன் டேப்பைக் கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும். கேட்டு முடித்து எழுந்து உள்ளே போய்விட்டாள். அரை மணி கழித்து வந்து, "அந்தப் புள்ளைய சீக்கிரம் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க," என்றாள்.

பாட்லக்கில் சட்ட ஆலோசனை

எங்கள் வட்டாரத்து எஃப்.எம். ஒன்று உள்ளூர்க்காரர்களின் பாட்டுக்குப் போட்டி வைத்தது. மருந்துக் கடைக்கே அதன் ஃபாரம் வந்தது. நான்தான் ஒன்று எடுத்து வந்து செந்திலிடம் கொடுத்தேன். சொன்னேன் இல்லையா, எனக்குக் கை சும்மா இருக்காது என்று.

பேனாவை எடுத்தவன் 'எழுதியவர், பாடியவர் பெயர்' என்ற இடத்தில் நின்றுவிட்டான். "பாய், எச்-ஒன்ல இருந்துக்கிட்டு இதெல்லாம் பண்ணலாமா?"

நியாயமாக இதற்கு ஒரு வக்கீலைக் கேட்க வேண்டும். நம்மவர்கள் வக்கீலைக் கேட்க மாட்டார்கள். பாட்லக்கில் கேட்பார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் அந்தச் சனிக்கிழமை விருந்தில், புளியோதரைக்கும் பிரியாணிக்கும் நடுவில் செந்தில் மெல்ல எடுத்து விட்டான். "என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேக்கறான்..."

அவ்வளவுதான். தட்டோடு எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

"ரேடியோல பாடினா அது வேலை. அன்-ஆதரைஸ்ட் வொர்க். விசா ஸ்டேட்டஸ் காலி."

"காசு வாங்கலன்னா?"

"காசு மேட்டரே இல்ல. ஜெயிச்சா ப்ரைஸ் குடுப்பான்ல? அது இன்கம். கிரீன் கார்டு இன்டர்வியூல கேப்பான்."

"என் கஸினோட ரூம்மேட் ஒருத்தன் கல்யாணத்துல ஃபோட்டோ எடுத்தான். ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

அந்த ரூம்மேட்டை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் செந்தில் நம்பிவிட்டான். அவன் திருப்பி அனுப்பப்பட்டால் உமா இத்தனை நாள் காத்திருந்ததும் வீண். ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்தான்.

மறுநாள் வந்தான். மைமூன் கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆற வைத்தான். "பாய், நீங்க கிரீன் கார்டு. உங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல. உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?"

என் பெயர்

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேடிக்கையாகச் சொல்லத் தெரியவில்லை.

என் முழுப் பெயர் கமாலுதீன். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அந்த செப்டம்பருக்குப் பிறகு வந்த மாதங்கள் அவை. விமான நிலையத்தில் என் பெயரைப் படித்ததும் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடுவார். ஒரு சின்ன அறையில் உட்கார வைப்பார்கள். மரியாதையாகத்தான். கடையில் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டுச் சில கிழவிகள் அடுத்த கவுண்டருக்கு நகர்ந்தார்கள். பதினோரு வருடமாக என்னிடம் மாத்திரை வாங்கியவர்கள். மானேஜர் நல்ல மனுஷன், "வேண்டுமானால் 'கே' என்று மட்டும் போட்டுக்கொள்ளேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டு தடவை எண்ணினேன்.

அந்தச் சமயத்தில் ஒருவன் வந்து உங்கள் பெயரைக் கொடுங்கள் என்று கேட்கிறான். இந்த ஊரில் என் பெயரைக் கேட்டு வாங்க வந்தவன் அவன் ஒருவன்தான்.

"எழுதிக்கடா," என்றேன்.

பாட்டு ஜெயித்துவிட்டது.

பரிசு ஒரு மெத்தை. போட்டியை நடத்தக் காசு கொடுத்தது மெத்தைக் கடை. பெரிய லாரியில் கொண்டுவந்து எங்கள் ஹாலில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். செந்தில் தரையில் படுத்துக்கொண்டிருந்தான். எடுத்துக்கொண்டு போடா என்றால், "மெத்தையும் இன்கம்தான் பாய்" என்று பின்வாங்கினான். உமா வரும் வரைக்கும் அது எங்கள் ஹாலில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அதோடு ரேடியோ நிலையத்தில் என்னைப் பேட்டி எடுத்தார்கள். செந்தில் வேனில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அறிவிப்பாளர் அம்மாள் கிடாரை நீட்டி இரண்டு வரி பாடச் சொன்னார். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். மருந்துக் கடைக்காரனுக்கே தொண்டைக்கட்டா என்று சிரித்தார்கள். பிறகு, இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டார்.

"டெலிஃபோன்," என்றேன்.

அந்த அம்மாள் ஹெட்ஃபோனைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டீர்கள்" என்றார்.

காலையில் டிராஃபிக் நிலவரத்துக்கு முன்னால் தினமும் போட ஆரம்பித்தார்கள். மெத்தைக் கடை அதைத் தன் விளம்பரத்தில் வைத்துக்கொண்டது. அப்புறம் பாங்கில் கேட்டது, பல் டாக்டரிடம் கேட்டது. அமெரிக்காக்காரர்களுக்குக் காலிங் கார்டு தெரியாது. ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்த கடைசி இரண்டு நிமிடம் என்று ஒருவர் கடிதம் எழுதினார். மகனைப் பட்டாளத்துக்கு வழியனுப்பிய பஸ் நிலையம் என்று இன்னொருவர். எல்லாக் கடிதமும் என் பெயருக்கு வந்தன.

எங்கள் கடைக் கூரையிலும் ஒரு நாள் அது கசிந்தது. அடுத்த கவுண்டருக்கு நகர்ந்த கிழவிகளில் ஒருத்தி திரும்பி வந்து என் சட்டைப் பெயரை உற்றுப் பார்த்தாள். "அந்த கமால் நீதானா?" என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இந்தத் தொடரில் உண்மையைத்தான் எழுதுவேன் என்று முதல் வாரமே சொல்லியிருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன்.

மைமூனுக்கு மட்டும் ஒரு வருத்தம். "பொய்தானே சொன்னீங்க ரேடியோல? பொய்க்காவது என் பொண்டாட்டிக்கு எழுதினேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

மறுபடி வேனில்

உமாவைக் கூட்டிக்கொண்டு வந்த வேனுக்குத் திரும்புகிறேன்.

உமாவுக்கு இது எதுவும் தெரியாது. ஃபோனில் செந்தில் சொல்லவில்லை. ஃபோனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். உமாவிடம் சொன்னால் அவள் அம்மாவிடம் சொல்வாள், அம்மா சொன்னால் உறையூருக்கே தெரியும், அங்கிருந்து பொறாமை பிடித்த ஒருவன் இமிக்ரேஷனுக்கு மொட்டைக் கடுதாசி போடுவான். இப்படி ஒரு கணக்கு அவன் மண்டையில்.

சரி, அது ஃபோன். இது வேன். கேட்பதற்கு நானும் ரோடும்தான். வீட்டில் இறக்கிவிட்டு, பெட்டிகளைத் தூக்கும் சாக்கில் அவனைப் படிக்கட்டில் மடக்கினேன்.

"ஏண்டா, அவகிட்டயுமாடா?"

திருதிருவென்று முழித்தான். "வாய் தவறி வந்துடுச்சு பாய். இத்தனை மாசமா அதையே சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு. இப்பதானே வந்திருக்கா. இது ஒரு ரகசியம், யார்கிட்டயும் சொல்லாதன்னு முதல் நாளே அவளையும் பயமுறுத்தணுமா? கார்டு வந்ததும் சொல்லிடறேன்."

"எப்ப வரும்?"

"அதிகபட்சம் ரெண்டு வருஷம்."

கிரீன் கார்டு ஆறு வருடம் வரவில்லை. உமா வந்தபோது இருந்த கம்பெனி மூடியது, விண்ணப்பமும் மூடியது. அதற்கு அடுத்த கம்பெனி வேறு ஒருவனிடம் விற்றுப்போனது, விண்ணப்பம் மறுபடி முதலிலிருந்து. ஊரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் நடத்திய உமாவுக்கு, அவள் வந்த விசாவில் இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. காலையில் அபார்ட்மெண்டைச் சுற்றி எட்டு ரவுண்டு நடப்பாள். பிறகு மைமூனிடம் வந்து உட்காருவாள். சமையலறை ரேடியோவில் பாட்டு வரும். "அண்ணா, உங்க பாட்டு," என்பாள் என்னைப் பார்த்து. நான் அசடு வழிவேன். அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள்.

தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். தொண்டை என்றேன். அடுத்த வருடமும் தொண்டை. மூன்றாவது வருடம் ஒரு காது-மூக்கு-தொண்டை டாக்டரை என்னிடம் அனுப்பி வைத்தார்கள்.

செந்தில் கிடாரைத் தொடுவதே இல்லை. அவன் எழுதியதும் அந்த ஒரு பாட்டோடு நின்றுபோனது. ஏன் என்று கேட்டால், "அடுத்த பாட்டை யார் பேர்ல எழுத?" என்றான்.

ஆலன்

அதற்கும் பிறகு கிடைத்த கம்பெனி அவனை டெக்ஸாஸுக்கு அழைத்துக்கொண்டது. டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற ஊரில் வீடு வாங்கினான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தபோது ஒரு நாள் எனக்கு ஃபோன் செய்தான். குரலே சரியில்லை.

"பாய், லாயர்கிட்ட அந்தப் பாட்டு மேட்டரைக் கேட்டேன். மறைச்சா தப்பாயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

"என்ன சொன்னார்?"

"சிரிக்கறார் பாய். ஓய்வு நேரத்துல பாட்டு எழுதி போட்டிக்கு அனுப்பறது எப்படிய்யா வேலையாகும், உன் பேரையே போட்டிருக்கலாமே, ஏன் அன்னிக்கே எனக்கு ஒரு ஃபோன் பண்ணலன்னு கேக்கறார்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறு வருடம். ஒரு ஃபோன்.

அந்தக் கோடையில் டாலஸில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நானும் மைமூனும் செந்தில் வீட்டில்தான் தங்கினோம். மறுநாள் காலை, குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு வந்தவனை கராஜிலேயே நிறுத்தினேன்.

"உமாகிட்ட சொல்லிட்டியா?"

"கார்டு வரட்டும் பாய். இன்னும் மூணு மாசம்தான்."

"லாயரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு. இன்னும் என்னடா கார்டு?"

தரையைப் பார்த்தான். "ஆறு வருஷம் ஆச்சு பாய். இனிமே எப்படி ஆரம்பிக்கறது? ஏன் மறைச்சேன்னு கேட்டா என்ன சொல்வேன்?"

உண்மையாகச் சொல்வதானால், வேண்டாம் விட்டுவிடு என்று சொல்லிவிடலாமா என்றுகூட எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தக் கிழவி என் கையைப் பிடித்தது ஞாபகம் வந்தது.

பின்னால் வந்து நின்றிருந்த மைமூன்தான் பேசினாள். "செந்தில், கார்டு வந்தப்புறம் சொன்னீன்னா பயம் போனதால சொன்னேன்னு ஆயிடும். அவளுக்காகச் சொல்லணும்னா இன்னிக்குச் சொல்லு. இல்லன்னா நான் சொல்லிடுவேன். எனக்கு இதைத் தூக்கிச் சுமந்து அலுத்துப்போச்சு."

மைமூன் சொன்னால் செய்வாள். அது செந்திலுக்கும் தெரியும்.

சமையலறையில் உமா ரவையை வறுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் வரிசையாகப் போய் நின்றோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி இருந்திருக்கும்.

"உமா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேலை போயிடுச்சா?"

"இல்ல."

"கார்டு ரிஜெக்ட்டா?"

"இல்ல. அந்தப் பாட்டு... பாய் பாட்டு. அது பாய் எழுதல. நான் எழுதினது. பாடினதும் நான்தான். உனக்காகத்தான் எழுதினேன்."

உமா அடுப்பை அணைத்தாள். கரண்டியை வைத்தாள். "தெரியும்," என்றாள்.

"எப்பலேருந்து?"

"வேன்லேருந்து. பதினெட்டு நாள் கூட இருந்தேன். தினமும் குளிக்கும்போது பாடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்க குரல்?"

"அப்புறம் ஏன் நீ கேக்கவே இல்ல?"

"கேட்டேனே! வந்த அன்னிக்கே கேட்டேன், யார் பாடறாங்கன்னு. நீங்க பாய்னு சொன்னீங்க."

உமாவுக்குக் குரல் ஏறியது. அவள் குரல் ஏறி நான் அதுவரை கேட்டதில்லை.

"இமிக்ரேஷனுக்குப் பயந்தீங்க, சரி. ரேடியோக்காரங்களுக்குப் பயந்தீங்க, அதுவும் சரி. எனக்கு எதுக்குப் பயந்தீங்க? நான் என்ன ஆபீஸரா? ஒவ்வொரு கல்யாண நாளும் இன்னிக்குச் சொல்லிடுவார்னு உக்காந்திருப்பேன். ஒரு தடவை ஹோட்டல்ல அந்தப் பாட்டு வந்துச்சு. நீங்க எழுந்து பாத்ரூம் போயிட்டீங்க. எனக்காக எழுதின பாட்டை ஊரே கேக்குது, நான் மட்டும் தெரியாத மாதிரி கேக்கணும்." என் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தாண்ணா. தலைய ஆட்டினீங்க."

"தப்பும்மா," என்றேன். "என்னை மன்னிச்சிடு. எனக்கும் அந்தப் பேர் வேண்டியிருந்துச்சு."

அவள் தலையை அசைத்தாள்.

"அது மட்டும் இல்ல," என்று செந்திலிடம் திரும்பினாள். "ரெண்டாவது சரணம் தப்பு."

அந்தச் சரணத்துக்குத்தான் கடிதங்கள் அதிகம் வந்தன. கடைசி ஒரு நிமிடத்தில் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டு ரிசீவரை ஜன்னல் திட்டில் வைத்துவிடுவாள். தெருவில் போகும் பஸ்ஸும், பூக்காரி குரலும் இவன் காதுக்கு வரும். தன் ஊரையே எனக்கு அனுப்பி வைக்கிறாள் என்று இவன் பாடுவான்.

"தப்பா? நீ அப்படித்தானே செய்வ? ஃபோனை ஜன்னல்ல வெப்ப. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"நீங்க தெருவைக் கேக்கணும்னு வெக்கல. இன்னும் ஒரு நிமிஷம்னு அந்தக் கார்டு பொம்பளை சொன்னதும் எனக்கு அழுகை வந்துடும். நான் அழறது கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ஊருக்கு வந்துடுவீங்கன்னு ஃபோனைத் தள்ளி வெச்சுட்டு அந்தப் பக்கம் போய் நிப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க என்னடான்னா பூக்காரின்னு பாடி வெச்சிருக்கீங்க."

செந்தில் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மைமூன் என் கையைப் பிடித்து இழுத்தாள், நாம் போய்விடலாம் என்று. எனக்குக் கால் வரவில்லை.

"பாடுங்க," என்றாள் உமா.

"இப்பவா?"

"ஊருக்கே பாடினீங்க. என் எதிர்ல ஒரு தடவைகூடப் பாடினதில்ல. இப்ப பாடுங்க."

கிடார் இல்லை, தாளம் இல்லை. பாடும் பழக்கம் விட்டுப்போன குரல். நடுங்கிக்கொண்டே முதல் சரணத்தைப் பாடினான். உமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஒரு பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் வேகமாக விழுந்தது. அவள் தோள்கள் குலுங்கின. தண்ணீர்ச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது சரணம் வந்தது. ஜன்னல் என்ற இடத்தில் செந்தில் நின்றுவிட்டான்.

உமா கை நீட்டிக் குழாயை மூடினாள். அவள் அழுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.